பள்ளிக்கூடச் செய்தியும் கைப்பேசிக் குழுவும்

தாமிரபரணிப் பாசனத்தில் பயிர் செய்யும் உழவர்க்கு மடையின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பொதிகையில் பிறந்து வரும் ஆறு ஒன்றே. எனினும் கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் என அணைக்கட்டுதோறும் பிரிந்து, குளத்தையும் வயலையும் சென்று சேர்வதற்குள் அந்நீர் எத்தனையோ மடைகளைக் கடக்கிறது. ஒவ்வொரு மடைக்கும் திறப்பதற்கு ஒரு காலம் உண்டு. அடைப்பதற்கு ஒரு காலம் உண்டு. அதற்குப் பொறுப்பாளர் ஒருவரும் உண்டு. பொறுப்பாளர் இல்லாத மடையால் ஒரு வயல் காய்வதும் அடுத்த வயல் மூழ்குவதும் நாம் அறிந்ததே.

இன்று நம் கிராமங்களில் செய்தியும் நீரைப் போலவே பாய்கிறது. நாளைக்குப் பள்ளி உண்டா இல்லையா, தேர்வு எப்போது, உதவித்தொகைக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும், நூலகத்திற்குப் புதிதாக வந்த புத்தகம் யாது என்பனவெல்லாம் பெற்றோரின் கைப்பேசிக்கு நொடிப்பொழுதில் வந்து சேர்கின்றன. வாட்ஸ்அப் குழு, முகநூல், யூடியூப், இன்ஸ்டாகிராம் முதலியவற்றைச் சமூக ஊடகங்கள் என்னும் பொதுப்பெயரால் வழங்குகிறோம். ஆசிரியர்களும் பள்ளி நூலகத்தைப் பேணுவோரும் இவற்றைத் தம் தொழிலுக்குத் துணையாக எவ்வாறு கையாளலாம், எவற்றை விலக்க வேண்டும், இதில் பஞ்சாயத்தாருக்கும் பெற்றோருக்கும் உள்ள பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து ஒன்றே. பள்ளியின் பெயரால் நடைபெறும் குழு எந்த ஆசிரியருடைய சொந்த உடைமையும் அன்று. பள்ளியின் வருகைப் பதிவேடும் அறிவிப்புப் பலகையும் எத்துணைப் பொறுப்புடன் பேணப்படுகின்றனவோ, அத்துணைப் பொறுப்புடன் இதுவும் பேணப்பட வேண்டும். அதில் வரும் ஒவ்வொரு சொல்லும் பள்ளியின் சொல். ஒவ்வொரு படமும் பள்ளி வெளியிட்ட படம். இவ்வுணர்வு இருந்தால் நன்மை பெருகும். இல்லையேல் குழந்தைகளுக்கே கேடு விளையும்.

வாசகனைத் தேடிச் சென்ற வண்டி

அறிவை மக்கள் இருக்குமிடத்திற்கே கொண்டு செல்வது தமிழ்நாட்டிற்குப் புதிய எண்ணம் அன்று. 1931ஆம் ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்னும் பெருந்தகையார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். அம்முயற்சிக்கு ஊக்கமளித்தவர் சீர்காழியில் பிறந்து உலகப் புகழ் எய்திய நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன். நூலகத்துறைக்குரிய ஐந்து நெறிகளை வகுத்து அவர் நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். வாசகருடைய பொழுது வீணாகாமல் காக்க வேண்டும் என்பது அந்நெறிகளுள் ஒன்று. பின்னர் 1948ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி, சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கும் முறை ஏற்பட்டது. 2006ஆம் ஆண்டில் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் எழுந்தன.

கைப்பேசியும் இவ்வரிசையில் வந்த ஒரு வண்டியே. 2018ஆம் ஆண்டில் வெளியான புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறிகள் அச்சிடப்பட்டன, கைப்பேசியை அக்குறியின்மேல் காட்டினால் பாட விளக்கத்தைக் காணலாம். 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. 2020 மார்ச்சு மாதம் கொரோனா நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஆசிரியரையும் மாணவரையும் இணைத்த பாலமாகப் பல ஊர்களில் வாட்ஸ்அப் குழுவே விளங்கிற்று. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கித் தன்னார்வலர்கள் மாலை வகுப்புகளை நடத்திய காலத்திலும் செய்திகள் பெரும்பாலும் கைப்பேசி வழியாகவே சென்றன. இடர்க் காலத்தின் அவசரத்தில் அமைந்த இக்குழுக்கள் இடர் நீங்கிய பின்னரும் நிலைத்துவிட்டன. அவசரத்தில் வெட்டிய வாய்க்காலுக்குக் கரை கட்டி மடை அமைக்கும் வேலை இப்பொழுது நம் முன் நிற்கிறது.

குழுவை அமைக்கும் முறை

முதலாவதாக, குழு யாருக்கு என்பதைத் தெளிவு செய்தல் வேண்டும். பள்ளிக்குழு பெற்றோருக்கு உரியது. குழந்தைகளுக்கு உரியது அன்று. வாட்ஸ்அப், முகநூல், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றை நடத்தும் நிறுவனங்களே பதின்மூன்று வயது நிரம்பாதவர் கணக்குத் தொடங்கலாகாது என்று விதித்துள்ளன. ஆஸ்திரேலிய நாடு ஒரு படி மேலே சென்று, பதினாறு வயது நிரம்பாதவர் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் 10ஆம் நாள் முதல் சட்டத்தால் தடுத்துள்ளது. ஆகவே ஏழாம் வகுப்பு மாணவரைத் திரட்டி ஆசிரியர் ஒரு குழு அமைப்பது நல்லெண்ணத்தால் செய்யினும் தகாத செயலே. மாணவர் ஒருவருக்கு ஆசிரியர் தனியாகச் செய்தி அனுப்புவதும் தவிர்க்கத்தக்கது. சொல்ல வேண்டியதைப் பெற்றோரின் எண்ணுக்கே அனுப்புதல் இருவருக்கும் பாதுகாப்பு.

இரண்டாவதாக, தாய்மார்களின் கைப்பேசி எண்களைக் காத்தல் வேண்டும். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவர் எல்லோருடைய எண்ணும் மற்றவர் எல்லோருக்கும் தெரியும். அறுபது பெற்றோர் உள்ள குழுவில் ஒரு தாயின் எண் ஐம்பத்தொன்பது பேரின் கைக்குச் செல்கிறது. வேண்டாத அழைப்புகளுக்கு அஞ்சிப் பெண்கள் குழுவை விட்டு விலகினால், பள்ளிச் செய்தி அவ்வீட்டிற்குச் சென்று சேராது. இதற்கு ஒரு மாற்று உண்டு. ஒலிபரப்புப் பட்டியல் என்னும் வசதியைக் கொண்டு 256 எண்கள் வரை ஒரே செய்தியை அனுப்பலாம். பெறுபவர் ஒவ்வொருவருக்கும் அது தனிச் செய்தியாகவே போய்ச் சேரும். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. பள்ளியின் எண்ணைப் பெற்றோர் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருத்தல் மட்டும் இதற்கு அவசியம். சேர்க்கை நாளன்றே அதைப் பதியச் செய்துவிடலாம்.

மூன்றாவதாக, குழுவாகவே நடத்துவதாயின், நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பும்படி அமைத்தல் நன்று. அறுபது பேரும் நாள்தோறும் ஒரு காலை வணக்கப் படம் அனுப்பினால், ஒரு வாரத்தில் நானூற்றிருபது படங்கள் சேரும். அவற்றின் நடுவே உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் புதைந்துபோகும். வாசகருடைய பொழுதைக் காக்க வேண்டும் என்ற அரங்கநாதனாரின் நெறி இங்கும் பொருந்தும். பஞ்சாயத்துத் தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துக் கூறவும், கட்சிக் கூட்டத்திற்கு அழைக்கவும் வேறு இடங்கள் உள்ளன.

நான்காவதாக, நிர்வாகியாகத் தலைமையாசிரியரும் மற்றோர் ஆசிரியரும் இருத்தல் வேண்டும். பள்ளிக்கென்று தனி எண் இருப்பது சிறப்பு. ஓர் ஆசிரியருடைய சொந்த எண்ணில் குழு நடைபெற்றால், அவர் வேறு ஊருக்கு மாற்றப்படும்போது குழுவும் அவரோடு போய்விடும். மேலும் இரவு பதினொரு மணிக்கு வரும் அழைப்புக்கும் அவரே விடையிறுக்க நேரிடும். ஆசிரியருக்கும் ஓய்வு வேண்டும். அவர்தம் இல்லமும் ஓர் இல்லமே.

ஐந்தாவதாக, நேரமும் நடையும். பிசான நடவின்போது வயலில் நிற்கும் பெற்றோர் பகலில் கைப்பேசியைப் பார்ப்பதில்லை. முக்கூடல், ஆலங்குளம் பக்கங்களில் பீடி சுற்றும் தாய்மார்களுக்குக் கைகள் ஓய்வதில்லை. மாலை ஏழு மணியளவில், ஒரு நிமிடத்திற்கு மேற்படாத குரல் பதிவாகச் செய்தியை அனுப்பினால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்டுக்கொள்வர். கைவேலையை நிறுத்தவும் வேண்டா. ஒரு செய்தியில் ஒரு விஷயமே இருக்க வேண்டும். நாள், இடம், கொண்டுவர வேண்டிய தாள் ஆகிய மூன்றும் தெளிவாக இருந்தால் போதும்.

ஒரு குழந்தை வீட்டுப்பாடம் முடிக்கவில்லை, மதிப்பெண் குறைந்தது, கட்டணம் செலுத்தவில்லை என்பனவற்றைப் பொதுக் குழுவில் அறிவித்தல் ஒருபொழுதும் கூடாது. ஒரு வீட்டின் குறையை ஊரறியச் செய்த ஆசிரியரை அவ்வீட்டார் மறுபடியும் நம்புதல் அரிது.

குழந்தையின் படம் யாருடையது?

பள்ளி விழா, பரிசளிப்பு, நன்கொடை வழங்கல் ஆகியவை நடந்த அன்றே படங்கள் முகநூலிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வெளிவருதல் வழக்கமாகிவிட்டது. பள்ளியின் பெருமையை ஊரார் அறிய வேண்டும் என்ற ஆசை குற்றமன்று. ஆனால் ஒரு படத்தோடு குழந்தையின் பெயர், வகுப்பு, ஊர் ஆகியவையும் சேர்ந்தால், அறியாத ஒருவன் அக்குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்து நிறுத்துவதற்கு வேண்டிய யாவும் அவன் கைக்குக் கிடைத்துவிடுகின்றன. இணையத்தில் ஏறிய படத்தை முழுதும் திரும்பப் பெறுதல் இயலாது. படத்தை எடுத்து வேறு உருவாக மாற்றும் கருவிகள் இன்று எவர் கைக்கும் எளிதில் கிட்டுகின்றன என்பதையும் மறத்தலாகாது.

சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய எண்முறைத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவர் அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது; அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்று வரையறுக்கிறது. பாலியல் குற்றங்களுக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தடுக்கிறது. அத்தகைய துயரச் செய்தி ஊரில் பரவும்போது, இரக்கத்தால் குழந்தையின் படத்தைப் பகிர்பவரும் குற்றம் செய்தவரே ஆவர்.

ஆகவே கல்வியாண்டின் தொடக்கத்தில், படம் வெளியிடச் சம்மதமா என்று பெற்றோரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். சம்மதம் இல்லை என்று கூறிய வீட்டாரைக் குறைவாக நடத்தலாகாது. சம்மதம் பெற்ற இடத்தும் பெயரையும் முகத்தையும் சேர்த்து வெளியிடாமலிருப்பதே நலம். குழந்தைகள் வரைந்த ஓவியம், வளர்த்த தோட்டம், செய்த அறிவியல் கருவி, பின்புறமிருந்து எடுத்த வகுப்பறைக் காட்சி ஆகியவை பள்ளியின் உழைப்பை நன்கு விளக்கும்.

நன்கொடை பற்றியும் ஒரு சொல். அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவரும் நல்லோரும் உதவுவதற்காக 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. அவ்வாறு வரும் உதவியை ஊருக்கு அறிவிப்பது முறையே. எனினும் செருப்பையும் புத்தகப் பையையும் கையில் ஏந்தி, கொடுத்தவர் அருகில் நிற்கும் ஏழைச் சிறுமியின் படம் அவள் பெரியவளான பின்னும் அவளைத் தொடர்ந்து வரும். வந்த பொருளின் பட்டியலை வெளியிடுக; பெற்ற குழந்தையின் முகத்தை வெளியிடற்க.

ஜாதிக்கு இடங்கொடாமை

நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை இப்பகுதியை மிகுந்த கவனத்துடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2023 ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரியில் மேல்நிலை வகுப்பு மாணவர் ஒருவரும் அவர்தம் தங்கையும் அம்மாணவர் பயின்ற பள்ளியின் மாணவர்களாலேயே வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்ட கொடுமையை நாடு முழுவதும் அறியும். ஜாதி வேற்றுமையே அதற்கு அடிப்படை. அதன்பின் அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் மாதத்தில் அவர் அளித்த அறிக்கையில், ஜாதியைக் காட்டுவதற்காக மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறு முதலிய அடையாளங்களைத் தடை செய்ய வேண்டும் என்பது ஒரு பரிந்துரை.

கையில் கட்டும் கயிற்றைப் பள்ளி வாயிலில் கழற்றச் செய்யலாம். கைப்பேசியில் கட்டும் கயிற்றை யார் கழற்றுவது? ஜாதிப் பெருமை பேசும் பாட்டோடு அரிவாளைக் காட்டும் சிறு ஒளிப்படம் ஒரு மாணவனின் ஸ்டேட்டஸில் இரவில் ஏறுகிறது. மறுநாட் காலையில் அதற்கு எதிர்ப்படம் மற்றொரு தெருவிலிருந்து எழுகிறது. பள்ளி தொடங்குமுன்பே பகை தொடங்கிவிடுகிறது.

இவ்விடத்தில் ஆசிரியரின் சொந்தக் கணக்கும் பொதுக் கணக்காகவே கொள்ளப்படும். தம் ஜாதிச் சங்க விழாவின் சுவரொட்டியைத் தம் ஸ்டேட்டஸில் வைக்கும் ஆசிரியர், மறுநாள் வகுப்பில் ஒற்றுமையைப் பற்றி எத்துணை அழகாகப் பேசினாலும் மாணவர் நம்பார். மற்றத் தெருவிலிருந்து வரும் குழந்தை, தான் பெற்ற குறைந்த மதிப்பெண்ணுக்கும் அச்சுவரொட்டிக்கும் தொடர்பு உண்டோ என்று ஐயுறும். அரசு ஊழியருக்குரிய நடத்தை விதிகள் 1973ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டவை. கைப்பேசி வந்துவிட்டதனால் அவை தளர்ந்துவிடவில்லை.

பெற்றோரின் பங்கும் குறைந்ததன்று. மகனுடைய கைப்பேசியில் என்ன ஓடுகிறது என்பதை அறிந்து கொள்ளுதல், வயலில் மாடு எங்கே மேய்கிறது என்று பார்ப்பதைப் போன்ற கடமையே. பகையூட்டும் படம் ஒன்று ஆசிரியரின் கண்ணில் பட்டால், அதைப் பிறருக்கு அனுப்பாமல் தலைமையாசிரியரிடமும் இரு வீட்டாரிடமும் அன்றே பேசுதல் வேண்டும். அச்சுறுத்தல் இருப்பின் காவல்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும்.

வதந்தியும் வெள்ளமும்

பொய்ச் செய்தியால் உயிரே போகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துவோர் வந்திருப்பதாக வாட்ஸ்அப் மூலம் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற குடும்பத்தாரைக் கடத்தல்காரர் என்று கருதிய கூட்டம் தாக்கியதில் மூதாட்டி ஒருவர் உயிர் நீத்தார். நாட்டின் பிற இடங்களிலும் இவ்வாறான கொலைகள் நிகழ்ந்தமையால், அவ்வாண்டு ஜூலையில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு அந்நிறுவனம் இந்தியாவில் வரம்பு விதித்தது. பல கைமாறி வந்த செய்தியின் தலைப்பில் இரட்டை அம்புக்குறி தோன்றும். அக்குறியைக் கண்டால் நிறுத்திப் படிக்க வேண்டும் என்று பொருள்.

பள்ளிக்குழுவின் நிர்வாகி எதையும் அனுப்புமுன் நான்கு வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம். இதைச் சொன்னவர் யார்? எந்நாளில் சொன்னார்? அரசின் ஆணையிலோ நாளிதழிலோ இது உள்ளதா? இது நம் பள்ளிப் பெற்றோருக்குத் தேவையா? நான்கிற்கும் விடை கிடைத்த பின்னரே அனுப்புக. தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டில் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றையும் நிறுவியுள்ளது; அரசு சம்பந்தமான பொய்ச் செய்திகளை அது மறுத்து வெளியிடுகிறது.

மற்றொரு பாடத்தைத் தாமிரபரணியே நமக்குக் கற்பித்தது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆறு கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் வண்டி ஏறத்தாழ எண்ணூறு பயணிகளுடன் வெள்ளத்தின் நடுவே நின்றது. மின்சாரம் அறுந்து கைப்பேசித் தொடர்பும் பல ஊர்களில் அற்றுப்போயிற்று. எல்லாச் செய்தியையும் கைப்பேசியிடமே ஒப்படைத்த ஊர், மிக வேண்டிய நாளில் செய்தியின்றி நிற்க நேரிடும் என்பதை அவ்வெள்ளம் காட்டியது.

ஆதலால் கைப்பேசி இருக்கும்போதே மற்ற வழிகளையும் காத்தல் வேண்டும். தண்டோரா போடும் பழைய முறையை 2022 ஆகஸ்டில் அரசு நிறுத்தி, வாகனத்தில் ஒலிபெருக்கி கொண்டு அறிவிக்கச் சொன்னது. பஞ்சாயத்தின் ஒலிபெருக்கியும், பள்ளி வாயிலிலும் நியாயவிலைக் கடையிலும் உள்ள அறிவிப்புப் பலகையும் என்றும் பயன்படும். கைப்பேசி இல்லாத வீடும், மாதக் கட்டணம் கட்ட இயலாத வீடும் ஊரில் உண்டு. குழுவில் போட்டுவிட்டோம் என்பதனால் சொல்லிவிட்டோம் என்று ஆகாது. அவ்வீடுகளின் பட்டியல் ஒன்றை வகுப்பாசிரியர் வைத்திருந்து, குழந்தையிடம் எழுதிய சீட்டாகக் கொடுத்தனுப்புதல் கடமையாகும்.

நூலகப் பொறுப்பாளர் செய்யத்தக்கவை

பல கிராமப் பள்ளிகளில் நூலகத்திற்கெனத் தனி நூலகர் இருப்பதில்லை. ஆசிரியர் ஒருவரே அப்பொறுப்பையும் ஏற்கிறார். அவருக்குக் கைப்பேசி நல்ல துணைவன். வாரம் ஒரு நூல் என்று வைத்துக்கொண்டு, அதன் அட்டைப்படத்தையும் எந்த அலமாரியில் உள்ளது என்பதையும் மூன்று வரிகளில் பெற்றோருக்கு அனுப்பலாம். நூலின் ஒரு பக்கத்தை மாணவர் ஒருவர் படிக்க, குரலை மட்டும் பதிந்து, பெற்றோரின் இசைவோடு அனுப்பலாம். தன் மகளின் குரலைக் கேட்ட தாய், அந்நூல் வீட்டிற்கு வருவதைத் தடுக்கமாட்டாள்.

நூல்களுக்கும் குறைவில்லை. பள்ளிக் கல்வித்துறை 2022ஆம் ஆண்டில் சிறார்க்கு ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்னும் இதழ்களையும், ஆசிரியர்க்குக் ‘கனவு ஆசிரியர்’ என்னும் இதழையும் தொடங்கியது. 2023இல் வாசிப்பு இயக்கத்தின் வாயிலாக நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிநிலைகளில் சிறு நூல்கள் பள்ளிகளுக்கு வந்தன. எந்தக் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பொதுக் குழுவில் கூறாமல், அப்படிக்குரிய நூலை மட்டும் அறிமுகம் செய்க.

இங்கே எச்சரிக்கை ஒன்று கூற வேண்டும். நூலை ஸ்கேன் செய்து பி.டி.எப். கோப்பாகக் குழுக்களில் சுற்றுக்கு விடுதல் பலருக்கும் அறத்தொண்டு போலத் தோன்றுகிறது. நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளரின் வாழ்நாளிலும் அதன்பின் அறுபது ஆண்டுகளும் அந்நூலின் உரிமை அவருக்கும் அவர் வாரிசுகளுக்குமே உரியது. நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்ற பாரதியாரின் எழுத்துரிமையை 1949இல் அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்கே உரியதாக்கியது. நெல்லைச் சீமையின் சிறுகதை மன்னர் புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. இவற்றைத் தாராளமாகப் பகிரலாம். ஆனால் 2016இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நம்மூர் எழுத்தாளர் வண்ணதாசனின் நூலை அவ்வாறு பகிர்தல், அறுவடைக் களத்திலிருந்து அவர் நெல்லை அள்ளிச் செல்வதற்கு ஒப்பாகும். அதை விலைக்கு வாங்கி நூலகத்தில் வைத்து, வந்து படிக்குமாறு அழைப்பதே முறை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றில் பழந்தமிழ் நூல்கள் பல கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

ஆசிரியரின் தொழில் வளர்ச்சி

சமூக ஊடகம் ஆசிரியர் பேசுவதற்கு மட்டுமன்றிக் கற்பதற்கும் உரிய இடமாகும். ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை நடத்தும் சிற்றூர்ப் பள்ளியில், பாடம் பற்றிய ஐயத்தைக் கேட்க அருகில் துணை இராது. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அறிவியல் ஆசிரியர் தாம் அமைத்த எளிய சோதனையைப் பகிர்ந்தால், அதைச் சேரன்மகாதேவியில் ஒருவர் செய்து பார்த்துத் திருத்தம் கூறலாம். அங்ஙனம் பகிரும்போது, தம் வகுப்புக் குழந்தைகளின் பிழைகளை வேடிக்கைப் பொருளாக்காமல், பாடத்தை மட்டும் பேசுதல் தொழிலுக்கு அழகு.

ஊரின் அறிவையும் இதன்வழி உலகிற்கு அளிக்கலாம். மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பைத் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தி வருகிறது. தம் ஊர்க் குளத்தில் மாணவரோடு பறவைகளை எண்ணி, அக்கணக்கைப் படத்தோடு பகிரும் ஆசிரியர், பாடத்தையும் கற்பிக்கிறார். குளத்தின் நிலையையும் ஊருக்கு அறிவிக்கிறார். குளம் மாசுபட்டால் முதலில் அறிபவை பறவைகள். இரண்டாவதாக அறிய வேண்டியவர் உழவர்.

கிராம சபையின் கடமை

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்று விதிக்கிறது. உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் உண்டு. இக்குழுவில் ஆராய்ந்து முடிவு செய்தபின், கிராம சபையில் அதை எடுத்துரைத்தல் சிறந்தது. ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களுள் ஒன்றில் பின்வரும் தீர்மானத்தை வைக்கலாம்.

1. பள்ளிக்குழு பள்ளிக்குரிய எண்ணில், இரு நிர்வாகிகளின் பொறுப்பில் நடைபெறும்.

2. பெற்றோரின் எண்கள் பிறருக்குத் தெரியாதவாறு செய்தி அனுப்பப்படும்.

3. பெற்றோர் எழுத்தில் இசைந்தாலன்றிக் குழந்தையின் படம் வெளியிடப்படாது. இசைந்த இடத்தும் பெயரும் முகமும் சேர்ந்து வாரா.

4. ஜாதி, கட்சி, வணிக விளம்பரம் ஆகியவற்றிற்குக் குழுவில் இடமில்லை. பஞ்சாயத்து அங்கத்தினர்களும் இதற்கு உட்பட்டவர்களே.

5. குழுவில் வரும் முக்கியச் செய்தி அதே நாளில் பலகையிலும் எழுதப்படும். கைப்பேசி இல்லாத வீடுகளுக்குச் சீட்டு அனுப்பப்படும்.

6. குழந்தைகள் உதவிக்கு 1098, இணையக் குற்றப் புகாருக்கு 1930, கல்வி வழிகாட்டலுக்கு 14417 ஆகிய எண்கள் பள்ளிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதப்படும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஒரு சிம் அட்டை, ஒரு கரும்பலகை, ஒரு சம்மதப் படிவம் ஆகியவையே தேவை. ஆசிரியர் தனித்து நின்று இவ்விதிகளைக் கூறினால், படத்தை ஏன் போடவில்லை என்று கேட்கும் செல்வாக்குள்ளோரை எதிர்த்து நிற்றல் அவருக்கு அரிது. கிராம சபை கூறினால் அது ஊரின் சொல்லாகிவிடும். ஆசிரியரும் துணிவுடன் தம் கடமையைச் செய்வார்.

வரும் கிராம சபைக்கு முன்பாகவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தம் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியரைச் சந்தித்து, குழு இன்று யார் எண்ணில் நடக்கிறது, அதில் யார் யார் உள்ளனர், எந்த வீடுகள் விடுபட்டுள்ளன என்னும் மூன்றையும் கேட்டு அறிவார்களாக. அக்கேள்வியிலிருந்தே சீர்திருத்தம் தொடங்கிவிடும்.